வாப்பபெல்லோ ஏரிக்கரை முகாமுக்கு விறகோடு வந்த வண்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

2008 ஜூலையில், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வாப்பபெல்லோ ஏரியை ஒட்டிய கிரீன்வில் பொழுதுபோக்குத் தளத்தில், ஆஷ் மரங்களைக் குடைந்து கொல்லும் எமரால்டு ஆஷ் போரர் (ஆஷ் துளைப்பான்) என்ற வண்டு பொறியில் சிக்கியது. மிசூரியில் அதுதான் முதல் பதிவு. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னால், 2002இல், மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் பகுதியில்தான் வட அமெரிக்கா இந்த வண்டை முதன்முதலாக அடையாளம் கண்டிருந்தது. இரண்டு இடங்களுக்கும் நடுவே பல நூறு கிலோமீட்டர். அக்கம்பக்கத்தில் எங்குமே பதிவாகாத ஒரு பூச்சி, பெருநகரத்தில் தலைகாட்டாமல், துறைமுகத்தில் தலைகாட்டாமல், ஓக் காட்டுக்குள் இருக்கும் ஒரு முகாம்தளத்தில் போய்த் தலைகாட்டியது ஏன்?

விறகு என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த விறகு யாருடையது, ஏன் அவ்வளவு தூரம் வந்தது, தடுக்கப் போட்ட சட்டங்கள் ஏன் பிந்திப்போயின என்பதையெல்லாம் விரிவாகப் பார்த்தாக வேண்டும். காட்டுக்குள் கூடாரம் போட்டு, இரவில் நெருப்பைச் சுற்றி உட்காருவதை நேசிக்கிற எவருக்கும் இது நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

இடம்

வாப்பபெல்லோ இயற்கையான ஏரி அல்ல. செயின்ட் பிரான்சிஸ் ஆற்றின் வெள்ளத்தைத் தடுக்க அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய அணையால் உருவான நீர்த்தேக்கம். அணை 1941இல் முடிந்தது. ஏரி நிரம்பினால் முழுகும் நிலையில் இருந்த கிரீன்வில் ஊரை மேட்டு நிலத்துக்கு மாற்றினார்கள். பழைய ஊர் இருந்த இடம்தான் இன்றைய முகாம்தளம். வீடுகளின் அடித்தளங்களும் நடைபாதைகளும் இன்னும் அங்கே தெரிகின்றன. ஏரியின் மேல்முனையில், ஆற்றங்கரைச் சமவெளியில், பழைய தெருக்களுக்கு இடையே மக்கள் கூடாரமும் வண்டியும் போட்டுத் தங்குகிறார்கள். வெய்ன் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் போல) இருக்கிறது இது. டெட்ராய்ட் நகரம் இருக்கும் கவுண்டிக்கும் அதே பெயர்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சுற்றிலும் ஓசார்க் மலைப்பகுதியின் வன்மரக் காடு. மேட்டில் ஓக்கும் ஹிக்கரியும், ஆற்றோரத் தாழ்நிலத்தில் மேப்பிள், சைகமோர், பச்சை ஆஷ். மிசூரிக் காடுகளில் ஆஷ் மரங்களின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். எண்ணிக்கையில் சிறியது என்று விட்டுவிட முடியாது. ஆற்றங்கரை முகாம்களில் ஒரு பகலின் நிழலை நிர்ணயிப்பவை பல இடங்களில் இந்த மரங்களே. வெள்ளம் நின்று வடியும் மண்ணிலும் தாக்குப்பிடிக்கும், வேகமாக வளரும், கிளை பரப்பும்.

வண்டு

அக்ரிலஸ் பிளானிபென்னிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். சீனா, கொரியா, ரஷ்யாவின் கிழக்குக் கோடி ஆகிய பகுதிகளைச் சேர்ந்தது. அங்குள்ள ஆஷ் இனங்கள் இதனோடு நீண்ட காலம் வாழ்ந்து பழகியவை. மஞ்சூரிய ஆஷ் மரத்துக்கு எதிர்ப்பு சக்தி உண்டு. வாடிய மரத்தைத்தான் வண்டு அங்கே முடிக்கிறது. வட அமெரிக்க ஆஷ் மரங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லாததால், நன்றாகத் தழைத்து நிற்கும் மரத்தையும் அது கொன்றுவிடுகிறது.

வளர்ந்த வண்டு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். மினுமினுக்கும் பச்சை. கோடையில் சில வாரங்கள் ஆஷ் இலைகளின் ஓரத்தைக் கொறித்து வாழும். அதனால் மரத்துக்குப் பெரிய கேடில்லை. கேடு செய்வது புழு. பெண் வண்டு பட்டையின் வெடிப்புகளுக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவு முட்டைகளை இடுகிறது. இரண்டு வாரம் போல ஆனதும் புழு வெளிவந்து, பட்டையைத் துளைத்து, அதற்கு உட்புறம் உணவு ஓடும் மெல்லிய அடுக்குக்குள் இறங்குகிறது.

பாதிக்கப்பட்ட ஒரு விறகுத் துண்டை எடுத்துப் பட்டையை உரித்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். உட்புறத்தில் பாம்பு நெளிந்த தடம்போல, முன்னும் பின்னும் வளைந்து வளைந்து போகும் பள்ளங்கள். அவற்றில் இறுக்கி அடைத்த பழுப்புத் தூள். புழு தின்று கழித்த எச்சம் அது. போகப்போகத் தடத்தின் அகலம் கூடும், ஏனென்றால் புழு பெருத்துக்கொண்டே போகிறது. முழுதாக வளர்ந்த புழு வெளிர்மஞ்சள் நிறத்தில், தட்டையாக, 3 சென்டிமீட்டர் வரை இருக்கும். குளிர்காலத்தில் அது மரத்தின் வெளிப்பகுதியில் ஒரு சிறு அறை குடைந்து, உடலை இரண்டாக மடித்துக் கிடக்கும். வசந்தத்தில் கூட்டுப்புழுவாகி, வண்டாகி, பட்டையைக் கடித்துக்கொண்டு வெளியேறும். வெளியேறிய துளை முழு வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் நேர்கோடு, மறுபக்கம் வளைவு, அகலம் 3 முதல் 4 மில்லிமீட்டர். வண்டின் முதுகு தட்டை, வயிறு வளைவு என்பதால் துளையும் அதே வடிவில் அமைகிறது.

ஒரு மரத்தில் நூற்றுக்கணக்கான புழுக்கள் இப்படிக் குடையும்போது, பட்டைக்கடியில் சத்து இறங்கும் வழியும் நீர் ஏறும் வழியும் எல்லாப் பக்கமும் அறுபட்டுவிடுகின்றன. மரம் சாக இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள் பிடிக்கும்.

விவரம் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் தோல்விகள் எல்லாம் இதில் தொங்குகின்றன. வண்டு முதலில் மரத்தின் உச்சிக் கிளைகளைத்தான் பிடிக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அந்தச் சிறு துளைகள் தெரியாது. உச்சி காய்ந்து, அடிமரத்தில் புதிய தளிர்கள் கொத்தாகக் கிளம்பி, மரங்கொத்திகள் புழுவைத் தேடிப் பட்டையை வெளிறலாகச் செதுக்கித் தள்ளும்போதுதான் சந்தேகம் வரும். அப்போது வண்டு அந்த இடத்துக்கு வந்து பல ஆண்டுகள் கடந்திருக்கும்.

எப்படி வந்தது

நேரடிச் சாட்சி யாரும் இல்லை. இன்ன வண்டியில் இன்ன கட்டு விறகில் வந்தது என்று எவராலும் காட்ட முடியாது. சாத்தியங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கலாம்.

பறந்து வந்திருக்குமா? இந்த வண்டால் சில கிலோமீட்டர் பறக்க முடியும். ஆனால் பெண் வண்டுகளில் பெரும்பாலானவை தாம் வெளிவந்த மரத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே முட்டையிட்டு முடித்துவிடுகின்றன. அப்போது தெரிந்திருந்த பாதிப்பு இடங்களிலிருந்து தெற்கு மிசூரி வரை அது தானாகப் பறந்து வந்திருந்தால், வழியெல்லாம் செத்த மரங்கள் நின்றிருக்க வேண்டும். மரக்கன்றுகளோடு வந்திருக்குமா? மேரிலாண்ட் மாநிலத்துக்கு 2003இல் அப்படித்தான் போனது, மிச்சிகனிலிருந்து நாற்றங்காலுக்கு வந்த மரங்களோடு. கிரீன்வில் தளத்தில் நாற்றங்கால் இல்லை. சரக்குப் பெட்டிகளின் மரச்சட்டங்களோடு? ஆசியாவிலிருந்து டெட்ராய்ட்டுக்கு வண்டு வந்தது பெரும்பாலும் அந்த வழியில்தான் என்று கருதப்படுகிறது. ஆனால் கப்பல் சரக்கை யாரும் முகாம்தளத்தில் இறக்குவதில்லை.

வெளியூர்களிலிருந்து முகாம்தளத்துக்குள் ஓயாமல் வந்து இறங்கும் மரம் ஒன்றே ஒன்று: நெருப்புக்கான விறகு. மிசூரி அதிகாரிகளின் சந்தேகமும் அதன் மேல்தான் விழுந்தது. என் கருத்தும் அதுவே.

இதில் மனதை உறுத்தும் ஒரு கண்ணி இருக்கிறது. டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு முன்னால் நின்ற ஆஷ் மரங்கள் காரணம் தெரியாமல் காய ஆரம்பித்தன. மரம் காய்ந்தால் வெட்டுவார்கள், வெட்டினால் பிளந்து அடுக்குவார்கள். ஆஷ் நேராகப் பிளக்கும், ஈரப்பதம் குறைவு, வெட்டிய கொஞ்ச நாளிலேயே நன்றாக எரியும். விறகுக்கு அதைவிட நல்ல மரம் கிடைப்பது அரிது. கோடை வந்ததும் அந்த அடுக்கிலிருந்து இரண்டு கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் புறப்படுவது இயல்பு. இலவச விறகு, வீட்டு மரம். வண்டு கொன்ற மரமே வண்டைச் சுமந்துகொண்டு போனது. கொண்டுபோனவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வந்த விறகில் பாதி அன்றிரவே எரிந்துவிடும். மீதிக் கட்டைகள் நெருப்பு வளையத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். அடுத்து வருபவர் எரிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் விட்டுப்போனவை. மே, ஜூன் மாதங்களில் அதிலிருந்து வண்டுகள் வெளியே வரும். நாலடி தூரத்தில் உயிருள்ள ஆஷ் மரம் நிற்கும். வெட்டிய கட்டையிலிருந்து இரண்டாவது கோடையில்கூட வண்டுகள் வெளிவந்ததை ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். "போன வருஷம் வெட்டியது, காய்ந்துவிட்டது" என்பது பாதுகாப்பு ஆகாது.

கிரீன்வில் தனி நிகழ்வு அல்ல. இந்தியானாவில் 2004இல் வண்டு முதலில் தென்பட்டது ஸ்டூபன் கவுண்டியில். ஏரிகளுக்கும் முகாம்களுக்கும் பேர்போன மூலை அது. மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் 2005இல் முதலில் கிடைத்த இடம் பிரிம்லி மாநிலப் பூங்கா, சுப்பீரியர் ஏரியின் கரையில் இருக்கும் முகாம். கீழ்த் தீபகற்பத்துக்கும் மேல் தீபகற்பத்துக்கும் நடுவே நீரிணை. தாண்ட வேண்டுமானால் 8 கிலோமீட்டர் நீள மேக்கினா பாலத்தில் ஏற வேண்டும். வண்டு அந்தப் பாலத்தை வண்டியில்தான் கடந்திருக்கும் என்பதே நியாயமான ஊகம்.

அந்தப் பாலத்திலேயே விறகைத் தடுத்து வாங்கி வைத்தார்கள். 2008இல் அப்படிச் சேர்ந்த விறகில் 1,045 துண்டுகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 23 சதவீதத் துண்டுகளில் மரத்தைக் குடையும் பூச்சிகள் உயிரோடு இருந்தன. இன்னொரு 41 சதவீதத்தில் முன்பு பூச்சி இருந்துபோன தடயம். எல்லாமே ஆஷ் துளைப்பான்கள் அல்ல, பல உள்ளூர்ப் பூச்சிகளும் உண்டு. ஆனாலும் விறகு என்பது ஒரு வாகனம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் நான் பார்த்ததில்லை. கடையில் வாங்கினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கொலராடோ உள்ளிட்ட மேற்கு மாநிலங்கள் சிலவற்றில் கடைகளில் விற்ற விறகுக்கட்டுகளை வாங்கிக் கூண்டில் வைத்துக் கவனித்தபோது, 47 சதவீதக் கட்டுகளிலிருந்து பூச்சிகள் வெளிவந்தன.

சட்டம் ஏன் பின்தங்கியது

வண்டு கண்டுபிடிக்கப்பட்டதும் வெய்ன் கவுண்டிக்குத் தடை வந்தது. ஆஷ் மரமும், எந்த வன்மரத்தின் விறகும் கவுண்டியை விட்டு வெளியே போகக் கூடாது. எல்லா வன்மர விறகையும் சேர்த்துத் தடுத்தது சரியான முடிவு என்பேன். இலை உதிர்ந்து, வெட்டிப் பிளந்து, பட்டை பாதி போன துண்டைப் பார்த்து இது ஆஷ், இது ஓக் என்று பிரித்துச் சொல்ல வழக்கமாக முகாமுக்கு வருபவரால் முடியாது. சோதனைச் சாவடியில் நிற்பவருக்கும் அது சிரமம்.

ஆனால் இந்த முறையின் அடிப்படையிலேயே ஒரு ஓட்டை. வண்டு இருக்கும் இடம் தெரிந்த பிறகுதான் கோடு போடுகிறார்கள். இடம் தெரிவதோ வண்டு குடியேறிப் பல ஆண்டுகள் கழித்து. டெட்ராய்ட் பகுதியில் செத்த ஆஷ் மரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில், வண்டு 1990களின் முற்பகுதியிலோ நடுவிலோ அங்கே நிலைகொண்டுவிட்டது என்று தெரியவந்தது. அடையாளம் காணப்பட்டது 2002. நடுவில் போன கோடைகாலங்களில் எத்தனை வண்டிகளில் எத்தனை கட்டு விறகு போயிருக்கும்! அந்தக் காலம் முழுவதும் எந்தச் சட்டத்தையும் யாரும் மீறவில்லை, மீற ஒரு சட்டம் இருக்கவுமில்லை.

மிசூரியிலும் அதே கதை. 2012இல் ரெனால்ட்ஸ், மேடிசன் கவுண்டிகளிலும், மாநிலத்தின் மறுகோடியில் கன்சாஸ் சிட்டிக்குப் பக்கத்தில் பிளாட் கவுண்டியிலும் வண்டு தென்பட்டது. 2013இல் மாநிலம் முழுவதையும் தடைக்குள் கொண்டுவந்தார்கள். மாநிலத்துக்குள் கவுண்டிக் கோடுகளுக்குப் பொருள் இல்லாமல் போனது. பாதிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து ஆஷ் மரமும் விறகும் வெளியே போவதற்குக் கூட்டாட்சி அரசு விதித்திருந்த தடை 2021 ஜனவரி 14 அன்று விலக்கப்பட்டது. அதற்குள் வண்டு 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவியிருந்தது. 2022இல் பசிபிக் கரையின் ஓரிகனிலும் கண்டுபிடித்தார்கள்.

கோடு போடுவது வீண் என்று நான் சொல்லவில்லை. அது காலத்தை வாங்கிக் கொடுத்தது. அந்த இடைவெளியில், 2007 முதல், ஆசியாவிலிருந்து கொண்டுவந்த சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை மிச்சிகன் காடுகளில் விட முடிந்தது. வண்டின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் குளவி ஒன்று, வண்டின் புழுவுக்குள் வளர்வது இன்னொன்று. எமாமெக்டின் பென்சோயேட் என்ற பூச்சிக்கொல்லி மருந்தை அடிமரத்தில் ஊசிபோல ஏற்றி, நிழல் தரும் தனி மரங்களைக் காப்பாற்றும் முறையும் நிலைபெற்றது. ஆனால் முகாம்களைப் பொறுத்தவரை, பூச்சி எங்கே இருக்கிறது என்ற அறிவை நம்பாத ஒரு விதிதான் முதல் நாளிலிருந்தே தேவைப்பட்டது: எந்த ஊரானாலும் விறகை எரிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாங்கு. தெரிந்த பூச்சியோடு, இன்னும் யாரும் பெயர் வைக்காத பூச்சியையும் அது தடுக்கும். 2008இல் தொடங்கிய விறகை நகர்த்தாதீர் பிரசாரம் சொல்வது இதைத்தான்: 10 மைலுக்குள் என்றால் நல்லது, 50 மைல் என்றால் அதிகம்.

இந்த விதி நடைமுறையில் நிற்க வேண்டுமானால் தளத்தின் வாசலிலேயே விறகு கிடைக்க வேண்டும், கட்டுப்படியாகும் விலையில், இரவு வந்து சேர்பவருக்கும். அறிவிப்புப் பலகை மட்டும் வைத்துவிட்டு விறகு விற்காத தளத்தில், 200 கிலோமீட்டர் ஓட்டி வந்த குடும்பம் வண்டியில் இருக்கும் கட்டையைத்தான் எரிக்கும்.

முகாம்தளத்துக்கு நேர்வது

வண்டு தின்று செத்த ஆஷ் மரம் வழக்கத்தைவிட வேகமாக உலர்ந்து நொறுங்கும் தன்மை அடைகிறது. காற்று இல்லாத நாளில்கூடக் கிளை முறியலாம், அடிமரமே நடுவில் ஒடியலாம். கீழே கூடாரம் இருக்கும் இடத்தில் அப்படி ஒரு மரத்தை விட்டுவைக்க முடியாது. எனவே தள நிர்வாகம் மரங்களை வெட்டித் தள்ளுகிறது, நிழல் போகிறது, வெட்டும் செலவு ஏறுகிறது.

கூடாரம் அடிக்குமுன் தலைக்கு மேலே பார்ப்பது இப்போது கட்டாயம். எதிரெதிராக ஜோடி ஜோடியாகக் கிளைகள், முதிர்ந்த பட்டையில் வைர வடிவ வரிகள் இருந்தால் ஆஷ் என்று எடுத்துக்கொள்ளலாம். உச்சியில் இலை இல்லாமல், பட்டையில் மரங்கொத்தி செதுக்கிய வெளிர் திட்டுகள் இருந்தால் அந்த இடம் வேண்டாம். வேறு இடம் கேளுங்கள், நிர்வாகத்திடம் மரத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.

விறகு வாங்கும்போது எங்கே வெட்டியது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். தூரத்திலிருந்து வந்த கட்டு என்றால் வெப்பமூட்டிய சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆஷ் துளைப்பானுக்கு வகுத்த அளவு, கட்டையின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸில் 60 நிமிடம் இருக்க வேண்டும் என்பது. வெறுமனே வெயிலில் காய்ந்தது வேறு, சூளையில் இந்த அளவுக்குச் சுட்டது வேறு. வாங்கியதை அங்கேயே எரித்துவிடுங்கள். மிஞ்சியதை அடுத்த ஊருக்கோ வீட்டுக்கோ தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காட்டில் விழுந்து கிடக்கும் சுள்ளி பொறுக்கலாமா என்பது தளத்துக்குத் தளம் மாறும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விறகு மட்டுமல்ல. ஓக் காடுகளில் ஸ்பாஞ்சி மாத் என்ற அந்துப்பூச்சி கோடையின் பிற்பகுதியில் முட்டையிடும். மங்கிய பழுப்பு நிறத்தில், கம்பளித் துணியின் ஒட்டுபோல, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள். மரத்தில் மட்டும் இடுவதில்லை. மடக்கு நாற்காலியின் அடியில், தண்ணீர்க் கேன் பிடியில், வண்டியின் சக்கர வளைவுக்குள்ளும் இடும். அடுத்த வசந்தம் வரை அவை பொரிக்காது, அதனால் இலையுதிர் காலத்தில் முகாம் முடித்துத் திரும்புபவர் கவனிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். பொருள்களை மடித்து ஏற்றுமுன் கவிழ்த்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இன்னொரு வேலையும் முகாமிடுபவர்களால் ஆகும். 2017இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பச்சை, வெள்ளை, கறுப்பு ஆஷ் உட்பட ஐந்து வட அமெரிக்க ஆஷ் இனங்களை மிகவும் ஆபத்தான நிலையில் உள்ளவையாக அறிவித்தது. ஆனாலும் வண்டு கடந்துபோன காடுகளில், சுற்றியிருந்தவை எல்லாம் செத்த பிறகும், சில பெரிய மரங்கள் பச்சையாக நிற்கின்றன. அவற்றின் கிளைகளை எடுத்து ஒட்டுப்போட்டு, எதிர்ப்பு சக்தி உள்ள வகைகளை வளர்க்க அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் முயன்றுவருகிறார்கள். அவர்கள் தேடுவது சும்மா உயிரோடிருக்கும் மரத்தை அல்ல. அந்தத் தோப்பில் 95 சதவீதத்துக்கு மேல் ஆஷ் செத்து இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும், மரத்தின் குறுக்களவு 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மருந்து ஏற்றியதாக இருக்கக் கூடாது. ஏரிக்கரையில் நடக்கும்போது செத்த ஆஷ்களுக்கு நடுவே அப்படி ஒன்று தழைத்து நின்றால், உச்சியும் அடிமரமும் தெரியப் படம் எடுத்து, இடக்குறிப்போடு அந்த மாநில வனத்துறைக்கு அனுப்புங்கள்.